ரப்பர் தோட்டத்து மஞ்சள் பொடி எங்கே போகிறது?

மார்கழி முடியும்போது ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். தையில் செம்பு நிறத்தில் தளிர் விடும். பாறசாலையிலிருந்து வெள்ளறடை போகும் வழியிலும், கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் பளுகல், அருமனை, குலசேகரம் வட்டாரத்திலும் அந்தத் தளிர்க் காலத்தில் விடியுமுன்னே எந்திர இரைச்சல் கேட்கும். சல்பர் அடிக்கிறார்கள். தளிரில் பனி ஈரம் இருக்க வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும். அதனால்தான் அந்த நேரம். எந்திரத்தின் குழாயை அண்ணாந்து பிடித்தால் மஞ்சள் புகை கிளைகளுக்குள் ஏறிப் பரவும். இளம் இலையில் வெள்ளையாகப் பூத்து அதைச் சுருட்டி உதிர்த்துவிடும் சாம்பல் நோய்க்கு இன்றுவரை கைகண்ட மருந்து இந்தக் கந்தகத் தூள்தான்.

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ரப்பரும் அதன் நோயும் அதற்கு அடிக்கும் தூளும் எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இருபுறமும் ஒன்றே. அரை ஹெக்டேர், ஒரு ஹெக்டேர் என்று சின்னத் தோட்டங்களே அதிகம். தோட்டம் வைத்திருக்கும் யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வரும்: கந்தகம் தண்ணீரில் கரையாது. மக்காது. துருப்பிடிக்காது. வருடா வருடம் மூட்டை மூட்டையாக அடிக்கிறோம். இருபது, இருபத்தைந்து வருடத் தோட்டத்தில் மரத்தடி மண் மஞ்சளாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் மாசி, பங்குனி தாண்டி இடவப்பாதி மழையும் பெய்து ஓய்ந்த பிறகு மண்ணைக் கிளறினால் அந்த வழக்கமான செம்மண்தான். பொடி எங்கே போனது?

மழையும் காற்றும் மட்டுமா?

கொஞ்சம் காற்றில் போகும், உண்மைதான். சரிவான தோட்டங்களில் மழைவெள்ளம் கொஞ்சத்தை ஓடையில் சேர்க்கும். ஆனால் இலையில் ஒட்டிய தூளில் பெரும்பகுதி, மழையோடும் உதிரும் இலையோடும் அந்த மரத்தடியிலேயே வந்து விழுகிறது. விழுந்தது ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் காணாமல் போகிறது.

இதற்கு ஒரு நேரடிச் சோதனை உண்டு. தோட்டத்து மண்ணை இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் எடுத்து, ஒன்றை மட்டும் நீராவியில் நன்றாக வேகவைத்துவிட வேண்டும். பிறகு இரண்டிலும் ஒரே அளவு கந்தகத் தூளும் தண்ணீரும் சேர்த்து, வாயைப் பஞ்சால் அடைத்து வைக்க வேண்டும். தூளையும் கிருமி நீக்கித்தான் போட வேண்டும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆய்வகத்தில் எல்லாவற்றுக்கும் பயன்படும் அழுத்தக் கொதிகலன் 121 டிகிரிக்குப் போகும். கந்தகமோ 115 டிகிரியிலேயே உருகிக் கட்டியாகிவிடும். அதனால் கந்தகத்தை மட்டும் தனியே, 100 டிகிரி ஆவியில், அடுத்தடுத்து மூன்று நாள் வேகவைத்து எடுப்பது வழக்கம்.

சில வாரங்கள் கழித்து இரண்டு குடுவையிலும் பி.எச். தாளை நனைத்துப் பார்த்தால், வேகவைத்த மண்ணில் பெரிய மாற்றம் இருக்காது. வேகவைக்காத மண்ணில் நீர் புளித்திருக்கும், புளிப்பு வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும். உண்டாகியிருப்பது கந்தக அமிலம். இரண்டு குடுவைக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்று: ஒன்றில் உயிர் இருக்கிறது, மற்றதில் இல்லை. ஆகவே கந்தகத்தை அமிலமாக்குவது மண்ணில் இருக்கும் உயிர். அமிலமாகிவிட்டால் அது நீரில் கரையும், மண்ணிலுள்ள சுண்ணத்தோடு சேர்ந்து சல்ஃபேட் உப்பாகும், வேர் உறிஞ்சும், மிச்சம் மழைநீரோடு கீழிறங்கும். மஞ்சள் பொடி கண்ணிலிருந்து மறைவது இப்படித்தான்.

நியூ ஜெர்சி உரக்குவியலில் ஓர் உயிர்

இந்த வேலைக்காரனைத் தனியே பிரித்தெடுத்த கதை உர ஆராய்ச்சியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த வேளாண் ஆய்வு நிலையத்தில் ஜேக்கப் லிப்மனும் அவருடைய குழுவினரும் 1916-இல் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். பாறைப் பாஸ்பேட் மலிவானது, ஆனால் கரையாது, பயிருக்குக் கிடைக்காது. அதைக் கரைக்கத் தொழிற்சாலைகள் கந்தக அமிலத்தை ஊற்றின. அவர்கள் அமிலத்துக்குப் பதிலாகக் கந்தகத் தூளையும் மண்ணையும் பாஸ்பேட்டோடு கலந்து குவித்து ஈரமாக வைத்தார்கள். குவியல் தானாகவே அமிலம் உண்டாக்கி, பாஸ்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது.

அத்தகைய குவியலிலிருந்து 1922-இல் செல்மன் வாக்ஸ்மனும் ஜேக்கப் ஜோஃபியும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்து, தயோபேசில்லஸ் தயோஆக்சிடன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். இதே வாக்ஸ்மன்தான் பின்னால் காசநோய்க்கான ஸ்டிரெப்டோமைசின் மருந்துக்காக 1952-இல் நோபல் பரிசு பெற்றவர். மண்ணுயிர்களைத் தேடித் தேடிப் படித்த அந்தப் பழக்கம் அவருக்குக் கந்தகத்திலிருந்தே வந்துவிட்டது என்று நான் நினைப்பதுண்டு. 2000-இல் அந்தப் பாக்டீரியாவின் இனப்பெயரை ஆசிடித்தயோபேசில்லஸ் என்று மாற்றினார்கள். சின்னக் குச்சி வடிவம். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு. ரப்பர் தோட்டம் போன்ற சாதாரண மண்ணில் இது தனியாக வேலை செய்வதில்லை. வேறு பல பாக்டீரியாக்களும் சில பூஞ்சைகளும் மெதுவாக அதே வேலையைச் செய்கின்றன. ஆனால் கந்தகம் நிறையக் கிடைத்து மண்ணும் புளித்துப்போன இடத்தில் மற்றவை பின்வாங்க, இது முன்னே வரும்.

வெயில் இல்லாமல் வளரும் உயிர்

ஓர் உயிர் ஏன் கந்தகத்தைத் தின்ன வேண்டும்? நமக்குச் சோறு இரண்டு வேலை செய்கிறது: உடம்பு கட்டும் பொருளும் அதுவே, எரிபொருளும் அதுவே. பச்சைச் செடி இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. உடம்பைக் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து கட்டுகிறது, அதற்கு வேண்டிய சக்தியை வெயிலிலிருந்து எடுக்கிறது. நம் கந்தகப் பாக்டீரியாவும் உடம்பைக் கரியமில வாயுவிலிருந்துதான் கட்டுகிறது. ஆனால் சக்திக்கு அதற்கு வெயில் தேவையில்லை. கந்தகத்தை ஆக்சிஜனோடு சேர்க்கும்போது வெளிப்படும் சக்தியைப் பிடித்துக்கொள்கிறது. நெருப்பில் கந்தகம் எரிவதும் அதே சேர்க்கைதான். இங்கே அது 30 டிகிரியில், ஈரத்தில், சுடரில்லாமல், படிப்படியாக நடக்கிறது.

இப்படி உயிரில்லாப் பொருளை எரிபொருளாக்கி வாழும் உயிர்களைக் கனிம உண்ணிகள் என்று அழைக்கலாம். அப்படி ஒரு வாழ்க்கை உண்டு என்று முதலில் காட்டியவர் கீவ் நகரில் பிறந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி. 1887-இல், கந்தக ஊற்றுகளில் வளரும் வெள்ளை இழைப் பாக்டீரியாவைக் கண்ணாடித் தட்டில் வைத்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு கொடுத்தால் உடம்புக்குள் கந்தகத் துளிகள் நிறைவதையும், கொடுக்காவிட்டால் அந்தத் துளிகள் கரைந்து சல்ஃபேட் ஆவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கந்தகம் அதற்கு வெறும் கழிவாக இருந்தால், சேமித்து வைத்துப் பிறகு எடுத்துச் செலவழிக்காது.

ஒரு ஹெக்டேரின் கணக்கு

இப்போது தோட்டத்துக்கு வருவோம். ஒரு தடவை அடிக்க ஹெக்டேருக்கு 11 முதல் 14 கிலோ தூள் என்பது ரப்பரில் வழக்கமான அளவு. தளிர்க் காலத்தில் ஒன்றிரண்டு வார இடைவெளியில் சில தடவை அடிப்பார்கள். கணக்குக்காக 12 கிலோ, நாலு தடவை, அத்தனையும் கலப்பில்லாத கந்தகம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48 கிலோ.

ஒரு கிலோ கந்தகம் முழுவதும் அமிலமானால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமான கந்தக அமிலம் கிடைக்கும். கூடுதல் எடை எங்கிருந்து வருகிறது? காற்றின் ஆக்சிஜனும் மண்ணின் நீரும் சேர்வதால். நம் 48 கிலோ, ஏறத்தாழ 147 கிலோ அமிலமாகும். சேர்ந்த ஆக்சிஜன் மட்டும் 72 கிலோ. இவ்வளவு அமிலத்தை முறிக்க ஏறத்தாழ 150 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். கிலோ கந்தகத்துக்கு மூன்று கிலோ சுண்ணாம்புக்கல் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். இந்த அத்தியாயத்தில் இது மறுபடி வரும்.

147 கிலோ அமிலம் என்று கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் ஒரு ஹெக்டேரில் மேல் பதினைந்து சென்டிமீட்டர் மண்ணே ஏறத்தாழ 20 லட்சம் கிலோ. அதில் பரவினால் ஒரு கிலோ மண்ணுக்கு 70 மில்லிகிராம் சொச்சம். அதுவும் ஒரே நாளில் வருவதில்லை, மாதக்கணக்கில் வருகிறது. வேர் எடுத்துக்கொள்கிறது, மழை கழுவுகிறது. ரப்பர் இயல்பாகவே புளித்த செம்மண்ணை ஏற்கும் மரம். அதனால் தோட்டம் தாங்குகிறது. தோட்டத்தை ஒட்டி மரச்சீனியோ காய்கறியோ போட்டிருப்பவர்கள் மட்டும் சில வருடத்துக்கு ஒரு தடவை மண்ணைப் பரிசோதித்துச் சுண்ணாம்பு போடுவது நல்லது.

கரையாததைத் தின்பது எப்படி?

பாக்டீரியாவுக்கு வாய் இல்லை. நீரில் கரைந்து தன் தோல்மேல் வந்து படுவதைத்தான் அது உள்ளே எடுக்க முடியும். கந்தகமோ கரையாது. தண்ணீரை ஒட்டவே விடாது. தூளைத் தண்ணீரில் தூவினால் மேலே மிதக்கும். கந்தகம் தண்ணீரைவிட இரண்டு மடங்கு கனமானது, அப்படியும் மிதக்கும், நீர் அதன்மேல் படியாததால்.

ஆய்வகக் குடுவையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தூவிய அன்று மஞ்சள் படலம் நீர்மேல் கிடக்கும். பாக்டீரியா சேர்த்த குடுவையில் சில நாளில் படலத்தின் ஓரம் கலங்கும், துணுக்குகள் ஒவ்வொன்றாக நனைந்து அடியில் இறங்கும். பாக்டீரியா சேர்க்காத குடுவையில் தூள் மேலேயே கிடக்கும். என்ன நடந்தது என்றால், பாக்டீரியாக்கள் துணுக்கின்மேல் பசைபோன்ற ஒரு படலத்தைச் சுரந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் படலத்தில் நீர் படியும். துணுக்கு நனைந்து மூழ்குகிறது.

ஒட்டிக்கொண்ட பிறகுதான் தீனி. கந்தகத்தில் எட்டு அணுக்கள் கைகோத்து வளையமாக நிற்கின்றன. பாக்டீரியாவின் வெளித்தோலில் உள்ள சில புரதங்கள் அந்த வளையத்தைத் திறந்து சங்கிலியாக்கி உள்ளே இழுக்கின்றன. வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் இடைப்பட்ட பகுதியில் நொதிகள் அணு அணுவாக ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. கடைசியில் அமிலம் வெளியே போகிறது. ஒட்டிய இடத்தில் மட்டுமே தின்ன முடியும் என்பதால், எவ்வளவு கந்தகம் இருக்கிறது என்பதைவிட அதற்கு எவ்வளவு மேற்பரப்பு இருக்கிறது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது. கருப்பட்டியைக் கட்டியாக வாயில் அடக்கினால் நெடுநேரம் நிற்கும், சுரண்டிப் போட்டால் உடனே கரைந்துவிடும் அல்லவா, அந்தக் காரணமேதான்.

நூறு லிட்டர் தொட்டி

தோட்டத்து மண்ணில் மாதக்கணக்கில் நடப்பதைத் தொட்டிக்குள் வாரக்கணக்கில் நடத்த முடியுமா? முடியும். உயிர்களை வேலைக்கு வைத்து, அவற்றுக்கு வேண்டிய காற்று, சூடு, தீனி எல்லாவற்றையும் நம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் தொட்டிக்கு உயிரிவினைக் கலன் என்று பெயர். ஒன்றைக் கற்பனையாக ஓட்டிப் பார்ப்போம். நூறு லிட்டர் தண்ணீர். அதில் கொஞ்சம் அம்மோனிய உப்பு, பாஸ்பேட், மெக்னீசியம். ஒரு கிலோ கந்தகம். விதைக்குப் பாக்டீரியா வளர்ந்த ஒரு குடுவை நீர். சூடு 30 டிகிரி. நெய்யாற்றின்கரையில் அதற்கு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் செலவே இல்லை.

முதல் கேள்வி மேற்பரப்பு. ஒரு கிலோவை ஒரே கட்டியாகப் போட்டால், அது எட்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த பக்கமுள்ள கனசதுரம். அதன் மொத்தப் பரப்பு 370 சதுர சென்டிமீட்டர். ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தைவிடப் பெரிதல்ல. அதையே 325 மெஷ் சல்லடையில் சலித்த தூளாகப் போட்டால், அந்தச் சல்லடைக் கண்ணின் அகலம் 44 மைக்ரான், பரப்பு ஏறத்தாழ 66 சதுர மீட்டர். 700 சதுர அடிக்கு மேல். ஒரு சிறு வீட்டின் தரை முழுக்கப் பாக்டீரியாவுக்கு இடம். 1,700 மடங்குக்கும் அதிகம். தூளாக்குவதற்கு ஆகும் செலவு இங்கே வட்டியோடு திரும்புகிறது.

இரண்டாவது காற்று. ஒரு கிலோ கந்தகத்துக்கு ஒன்றரைக் கிலோ ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். நூறு லிட்டரில் முக்கால் கிராம். அதாவது, தொட்டியில் கரைந்திருக்கும் அத்தனை ஆக்சிஜனும் இரண்டாயிரம் தடவை தீர்ந்து, இரண்டாயிரம் தடவை நிரம்ப வேண்டும். காற்றுக் குமிழி நின்றால் சிறிது நேரத்தில் வேலை நின்றுவிடும். ஊதும் காற்றில் வீணாவது எதுவுமில்லை என்று வைத்தாலும் ஐயாயிரம் லிட்டருக்கு மேல் காற்று உள்ளே போயாக வேண்டும். உண்மையில் குமிழியிலிருந்து சிறு பங்குதான் நீரில் கரையும் என்பதால் இதைப்போலப் பல மடங்கு ஊத வேண்டியிருக்கும். இத்தகைய கலன்களில் மின்சாரச் செலவு பெரும்பாலும் காற்றுக்குத்தான். கலனை உயரமாகக் கட்டுவது, குமிழியைப் பொடியாக்குவது, அடியிலிருந்து ஊதும் காற்றாலேயே தூளையும் கிளறுவது என்று பொறியாளர்கள் செய்யும் உபாயங்கள் எல்லாம் குமிழியின் ஆக்சிஜனை நீருக்குள் இறக்கத்தான்.

மூன்றாவது அந்தப் பாக்டீரியாவின் சொந்த விளைச்சல். ஒரு கிலோவும் தீர்ந்தால் நூறு லிட்டரில் மூன்று கிலோ அமிலம், லிட்டருக்கு 30 கிராம். பி.எச். ஒன்றுக்கும் கீழே, அரையை நெருங்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். இரண்டுக்குச் சற்று மேல். ஒரு புள்ளி இறங்கினால் புளிப்புப் பத்து மடங்கு என்பதால் இது எலுமிச்சையைவிடப் பல மடங்கு கடுமை. ஆசிடித்தயோபேசில்லஸ் தயோஆக்சிடன்ஸ் தாங்கும் எல்லையும் இதுதான். உடம்புக்குள் புகும் அமிலத்தை வெளியே தள்ளித் தள்ளி அது உள்ளே நடுநிலையைக் காக்கிறது. எல்லையைத் தொட்டதும் சக்தி முழுவதும் அதற்கே போய், வளர்ச்சி நிற்கிறது. அதனால் அமிலத்தை அவ்வப்போது வடித்துப் புதுநீர் விட வேண்டும், அல்லது அமிலத்தை உடனுக்குடன் செலவழிக்கும் ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும்.

இந்த மூன்றாவது காரணத்தால்தான், இந்தக் கலன் அமிலத் தொழிற்சாலைக்குப் போட்டியாகாது என்று உறுதியாகச் சொல்லலாம். திருவனந்தபுரம் கொச்சுவேளியில் உள்ள திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலைக்குக் கடற்கரை மணலின் இல்மனைட்டைக் கரைக்கக் கந்தக அமிலம் வேண்டும். தொழிற்சாலைகள் கந்தகத்தை எரித்து, 400 டிகிரிக்கு மேல் வனேடியம் வினையூக்கியின்மீது செலுத்தி 98 சதவீத அமிலம் எடுக்கின்றன. நம் தொட்டியில் மூன்று சதவீதம். ஆனால் நீர்த்த அமிலமே போதும் என்ற இடங்கள் நிறைய. கழிவுநீர் ஆலையின் சேற்றில் கலந்த செம்பு, துத்தநாகம், காட்மியத்தைக் கரைத்து நீக்கக் கந்தகத் தூளும் இந்தப் பாக்டீரியாவும் போதும் என்று கனடாவின் கியூபெக்கில் 1990-களில் நன்கு ஆராய்ந்தார்கள். லிப்மனின் பாஸ்பேட் குவியலும் அதே யோசனைதான். எடுத்துச்செல்ல ஆபத்தில்லாத மஞ்சள் தூளை மூட்டையில் வாங்கி வந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு அமிலமாக்கிக்கொள்ளலாம்.

ரப்பர் பாலும் அழுகிய முட்டை நாற்றமும்

எல்லைக் கிராமங்களில் கந்தகம் இன்னொரு வழியிலும் வருகிறது. அதை மூக்கு உடனே கண்டுபிடித்துவிடும்.

வெட்டிய ரப்பர் பாலை ஷீட் அடிக்காமல், அம்மோனியா சேர்த்துச் சென்டிரிஃபியூஜ் ஆலைக்கு அனுப்புவதும் உண்டு. சுழற்சியில் 60 சதவீத ரப்பர் உள்ள கெட்டிப் பால் ஒரு புறமும், கொஞ்சமே ரப்பர் மிஞ்சிய நீர்த்த ஸ்கிம் பால் மறுபுறமும் பிரியும். கையுறை, பலூன் எல்லாம் கெட்டிப் பாலில். ஸ்கிம்மில் மிஞ்சிய ரப்பரை விடுவதற்கில்லை. அதை உறைய வைக்க வேண்டும். ஷீட்டுக்கு ஊற்றும் ஃபார்மிக் அமிலம் இங்கே கட்டுப்படியாகாது, அம்மோனியாவை முதலில் முறிக்க வேண்டியிருப்பதால் அமிலம் நிறையத் தேவை. அதனால் மலிவான கந்தக அமிலம். ரப்பர் உறைந்து எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரில் சல்ஃபேட் நிறைந்திருக்கும், கூடவே பாலின் புரதமும் சர்க்கரையும்.

இந்த நீர் காற்றுப் புகாத ஆழக் குட்டையில் தேங்கினால் வேறொரு பாக்டீரியாக் கூட்டம் வேலையைத் தொடங்கும். அவை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சல்ஃபேட்டிலிருந்து ஆக்சிஜனை உருவி மூச்சுவிடுபவை. மிஞ்சுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம். பூவாறு, பொழியூர் பக்கம் தென்னந்தொண்டு ஊறவைக்கும் காயல் ஓரங்களிலும் இதே நாற்றம்தான், அங்கே சல்ஃபேட்டைக் கொடுப்பது கடல்நீர்.

நாற்றமாக இருக்கும்வரை அது எரிச்சல்தான். செறிவு ஏறினால் விஷம். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். அதற்கு மேல் சில நூறு பங்கில் ஆளைச் சாய்க்கும். மூடிய தொட்டிக்குள் சுத்தம் செய்ய இறங்கியவரும் அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்துபோகிற செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த வாயு இருக்கிறது. நாற்றம் நின்றது என்பதை யாரும் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாதியில் நிறுத்துவது

இங்கே நம் கந்தகப் பாக்டீரியாக்களின் சொந்தக்காரர்கள் கைகொடுக்கிறார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அமிலமாகும் வழியின் நடுவே கந்தகம் ஒரு நிறுத்தம். முழு வழிக்கும் நாலு பங்கு ஆக்சிஜன் செலவாகும் என்றால், அதில் முதல் ஒரு பங்கு போனதும் கந்தகம் வந்துவிடுகிறது. மீதி மூன்று பங்கு அதை அமிலம்வரை கொண்டுபோகும். ஆகவே காற்றை அளந்து, தேவையைவிடக் குறைத்தே கொடுத்தால் பாக்டீரியாக்கள் கந்தகத்தோடு நின்றுவிடுகின்றன. காற்றைத் திறந்துவிட்டால் நிற்காமல் அமிலத்துக்குப் போகின்றன. அதே தொட்டி, அதே உயிர்; விளைவை மாற்றுவது காற்றுக் குழாயின் வால்வு.

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த தயோபாக் என்ற முறை இதைத் தொழிலாக்கியது. 1993-இல் ஏர்பேக் என்ற ஊரில், காகித ஆலைகளின் கழிவுநீரிலிருந்து வரும் எரிவாயுவைச் சுத்தப்படுத்த முதல் கலன் ஓடியது. வாயுவைக் காரம் கலந்த நீரால் கழுவுவார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு நீருக்குள் போகும். அந்த நீர் அடுத்த தொட்டியில் அளந்த காற்றோடு பாக்டீரியாக்களைச் சந்திக்கும். கந்தகம் வெளிர் மஞ்சள் பாலாகப் பிரியும், காரம் மீண்டும் கழுவப் போகும். இப்படிப் பிறக்கும் கந்தகத்துக்கு நாம் முன்னே பார்த்த அடம் இல்லை. அதன் துணுக்குகள் சில மைக்ரான்தான், மேலே உயிர்ப்பொருளின் பூச்சு இருப்பதால் தண்ணீரில் உடனே நனையும். மிதக்காது. பயிருக்குத் தெளிக்கும் பூஞ்சை மருந்தாகவும் மண்ணில் சீக்கிரம் சல்ஃபேட்டாகும் உரமாகவும் அது ஆலைக் கந்தகத்தைவிட ஒரு படி மேல்.

பாதியில் நிறுத்தத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாக்கடைக் குழாய்கள் சாட்சி. 1945-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் சி. டி. பார்க்கர், காங்கிரீட் சாக்கடைக் குழாய்களின் மேல்வளைவு மட்டும் ஏன் சோறு மாதிரி உதிர்கிறது என்று தேடி, அங்கே கந்தகப் பாக்டீரியாவைக் கண்டார். கீழே ஓடும் நீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மேலே ஈரச் சுவரில் படிகிறது, அங்கே காற்று தாராளம், அமிலம்வரை போகிறது, காங்கிரீட்டின் சுண்ணத்தைத் தின்றுவிடுகிறது. எரிவாயுவில் ஓடும் ஜெனரேட்டரின் உள்பாகங்கள் அரிப்பதற்கும் இதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் காரணம், அங்கே எரிந்து அமிலமாகிறது.

ஒரு சின்னக் காற்றுப் பம்பு

ஏர்பேக் அளவுக்கான கலன் ஒரு சிறு ஆலைக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அதே கொள்கையில் மலிவான வழி ஒன்று ஐரோப்பியப் பண்ணைகளில் பரவலாக இருக்கிறது. கோட்டயத்தில் 1955 முதல் இயங்கும் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஷீட் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்க ஊக்குவித்து வந்திருப்பதால், காற்றுப்புகாத தொட்டி என்ற யோசனை நம் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களுக்குப் புதிதல்ல. அந்தத் தொட்டியின் கூரைக்கும் நீருக்கும் இடையே வாயு நிற்கும் இடத்தில், உண்டாகும் வாயுவின் அளவில் இரண்டு முதல் ஆறு சதவீதம் காற்றைச் சின்னப் பம்பால் விட்டால் போதும். தனித் தொட்டி வேண்டாம். பாக்டீரியாவை வாங்கவும் வேண்டாம். ஈரச் சுவரில் தானாகவே குடியேறும். ஹைட்ரஜன் சல்ஃபைடின் பெரும்பகுதி சுவரிலும் கூரையிலும் மஞ்சள் பொருக்காகப் படிந்துவிடும். பாக்டீரியா ஒட்டிக்கொள்ள இடம் பெருகட்டும் என்று சிலர் உள்ளே வலையோ மரச்சட்டமோ தொங்கவிடுவார்கள்.

கவனிக்க வேண்டியது இரண்டு. காற்று அளவு மீறினால் வாயு வெடிக்கும் கலவையை நோக்கிப் போகும், அதனால் பம்பு கைக்கு வந்தபடி ஓடக் கூடாது, அளவுமானி கட்டாயம். பொருக்கைச் சுரண்ட உள்ளே இறங்குமுன் தொட்டியைக் காலி செய்து, நாள் முழுக்கக் காற்றோட்டம் கொடுத்து, வாயுமானியால் சோதித்த பிறகே இறங்க வேண்டும், வெளியே ஓர் ஆள் கயிற்றோடு நிற்க வேண்டும். சுரண்டிய கந்தகத்தை வாழைக்கோ மரச்சீனிக்கோ போடுவதானால், கிலோவுக்கு மூன்று கிலோ சுண்ணாம்புக்கல் தூளைக் கூடவே கலந்து போட வேண்டும்.